ஒரே வீட்டில் நாலைந்து பூனைகள்: லிட்டர் பாக்ஸ் சிக்கலைத் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கீழக்கரையில் எங்கள் வீட்டில் ஐந்து பூனைகள். சுல்தான், சீனி, பஞ்சு, மிளகு, மைனா. போன ஐப்பசியில் மழை பிடித்த மூன்றாம் நாள், உம்மா அஸர் தொழ முசல்லாவை (தொழுகை விரிப்பை) விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மூக்கைத் துளைக்கும் அந்த வாடையைப் பூனை வளர்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூனை வாய் வைத்த தண்ணீரில் ஒளு எடுக்கலாம் (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவலாம்), அதில் எங்கள் பக்கம் யாருக்கும் தயக்கம் கிடையாது. ஆனால் பூனையின் மூத்திரம் நஜீஸ், அதாவது அசுத்தம், பட்ட இடத்தில் தொழ முடியாது. அதனால் எங்களுக்கு இது வெறும் நாற்றப் பிரச்சினையாக இருக்கவில்லை, உம்மா தினம் ஐந்து வேளை தலை வைக்கும் இடத்தின் பிரச்சினையாக ஆகிவிட்டது.

"வேணும்னே செய்யுது. நேத்து நான் விரட்டினேன்ல, அந்தக் கோபம்" என்றார் உம்மா. நானும் அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன். அப்புறம் இரண்டு மாதம் இதன் பின்னாலேயே அலைந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: பூனை யாரையும் பழிவாங்க மூத்திரம் போவதில்லை. அதற்கு உடம்பு வலிக்கிறது, அல்லது அது போவதற்கென்று நாம் மண் போட்டு வைக்கும் பெட்டி (லிட்டர் பாக்ஸ்) பிடிக்கவில்லை, அல்லது பெட்டிக்குப் போகும் வழியில் பயம் இருக்கிறது. நாலைந்து பூனை உள்ள வீட்டில் பெரும்பாலும் அந்த மூன்றாவதுதான் காரணம், நாம் கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். இதில் எது என்று தெரியாமல் இடத்தை மாற்றுவதும் மண்ணை மாற்றுவதும் அடிப்பதும் வீண்வேலை. அடிப்பதும், மூக்கைக் கொண்டுபோய் ஈரத்தில் தேய்ப்பதும் நிலைமையை மோசமாக்கும். அது உங்களுக்கு ஒளிந்துகொண்டு போகப் பழகும், அவ்வளவுதான்.

முதலில், இது அவசரமா என்று பாருங்கள்

பூனை பெட்டியில் போய் உட்காருகிறது, முக்குகிறது, கத்துகிறது, எழுந்து வேறு மூலைக்குப் போய் மறுபடி உட்காருகிறது. வருவது சொட்டுச் சொட்டாக இருக்கிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை. பின்பக்கத்தை விடாமல் நக்குகிறது. அது கடுவனாக இருந்தால் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம், இப்போதே கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள். கடுவனின் சிறுநீர்க்குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. சளி மாதிரிப் பொருளோ மணல் போன்ற படிகமோ அதை அடைத்துவிட்டால் சிறுநீர் பின்னுக்குத் தேங்கி, சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஒன்றிரண்டு நாளில் இதயம் நின்றுபோகும். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். காத்திருக்க நேரமே இல்லாத நோய் இது.

சுல்தானுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதுதான் வந்தது. மருத்துவர் என் கையைப் பிடித்து அதன் அடிவயிற்றில் வைத்துக் காட்டினார், பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்குக் கல் மாதிரி இறுகிக் கிடந்தது சிறுநீர்ப்பை. மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டு எடுத்த பிறகுதான் பிழைத்தது.

அவசரமில்லாத நோய்களும் உண்டு. சிறுநீரில் ரத்தம், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, பெட்டியில் பெரிய பெரிய ஈரக்கட்டிகள், பத்து வயதுக்கு மேலே உள்ள பூனை திடீரென்று பெட்டிக்கு வெளியே போவது, இவை எதைப் பார்த்தாலும் முதலில் பரிசோதனை செய்துவிடுங்கள். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, மூட்டுவலி எல்லாம் இப்படித்தான் தலைகாட்டும். இளம் பூனைகளில் கிருமித் தொற்று அவ்வளவாக வருவதில்லை, மன அழுத்தத்தால் வரும் சிறுநீர்ப்பை வீக்கம்தான் அதிகம். அதனால் வீட்டில் மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

செய்வது யார்?

ஐந்து பூனையில் யார் என்று தெரியாமல் தீர்வு தேட முடியாது. எங்கள் வீட்டில் எல்லோருடைய கையும் சுல்தானைத்தான் காட்டியது, பெரிய கடுவன், ஏற்கெனவே அந்த நோய் வந்தது வேறு. பழைய செல்போன் ஒன்றை சார்ஜரோடு அலமாரி மேல் சாய்த்து வைத்து இரண்டு நாள் வீடியோ எடுத்தேன். செய்தது சீனி. இருக்கிறதிலேயே சாதுவான பெட்டை.

போன் இல்லாவிட்டாலும் வழி உண்டு. சந்தேகப்படும் பூனையை ஒரு அறையில் பெட்டி, தண்ணீர், சாப்பாட்டோடு இரண்டு நாள் தனியாக வைத்துப் பாருங்கள். வீட்டின் மற்ற இடங்களில் ஈரமாவது நின்றுவிட்டதா, தொடர்கிறதா என்பதில் பாதி விடை கிடைக்கும். மருத்துவரிடம் கேட்டால் ஃபுளோரசின் என்ற சாயத்தைக் கொடுப்பார்கள், அதைச் சாப்பிட்ட பூனையின் சிறுநீர் புறஊதா வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். இரண்டுக்குப் போவதுதான் பிரச்சினை என்றால், யாருடைய மலம் எப்படி இருக்கிறது என்று ஒரு வாரம் கவனித்தாலே தெரிந்துவிடும்.

அதோடு, அது ஒன்றுக்குப் போகிறதா, அடையாளம் வைக்கிறதா என்றும் பிரித்துக்கொள்ள வேண்டும். குத்தவைத்துத் தரையில், மெத்தையில், துணியில் நிறையப் போனால் அது ஒன்றுக்கு. நின்றபடி வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு சுவரிலும் கதவிலும் கொஞ்சமாகப் பீச்சினால் அது எல்லை அடையாளம், அதற்குப் பெட்டியை மாற்றி முழுதாகப் பயன் கிடைக்காது. கருத்தடை செய்யாத கடுவன் என்றால் முதல் மருந்து கருத்தடைதான். பத்துக்கு ஒன்பது கடுவன்கள் அதற்குப் பிறகு நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். ஆனால் மறுநாளே நிற்காது, சில வாரம் பொறுக்க வேண்டும். ஐந்து, ஆறு மாத வயதிலேயே செய்துவிட்டால் அந்தப் பழக்கமே வராமல் போக வாய்ப்பு அதிகம். தெருக் கடுவன் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பதைப் பார்த்துவிட்டும் உள்ளே இருக்கும் பூனை பீச்சும், அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியில் அட்டையோ காகிதமோ ஒட்டி மறைத்துவிடுங்கள்.

எத்தனை பெட்டி, எங்கே

கணக்கு எளிது: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்ட வேண்டும். ஐந்து பூனைக்கு ஆறு பெட்டி. கேட்டதும் எல்லோரும் முகத்தைச் சுளிக்கிறார்கள், நானும் அப்படித்தான், இரண்டு பெட்டியே போதும் என்று வருஷக்கணக்கில் ஓட்டினேன். எங்கள் இரண்டு பெட்டியும் மாடிப்படிக்கு அடியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பூனையின் கண்ணுக்கு அது இரண்டு பெட்டி கிடையாது, ஒரே இடம். அந்த இடத்துக்குப் போக ஒரே வழி, தாழ்வாரத்திலிருந்து படியடிக்குத் திரும்பும் முடுக்கு. வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: சுல்தான் மூன்றாவது படியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு அந்த முடுக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறது. உறுமவில்லை, அடிக்கவில்லை, வெறுமனே பார்க்கிறது. சீனி தாழ்வாரத்தில் நாலடி தள்ளி உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, இருபது நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி உம்மா அறைக்குள் போகிறது. அங்கே முசல்லா மெத்தென்று கிடக்கிறது.

அந்த இருபது நிமிஷத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. நாங்கள் அதை விரட்டிக்கொண்டிருந்தோம்.

ஆகவே இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். வீட்டை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள், எந்தப் பூனை எங்கே தூங்குகிறது, எங்கே சாப்பிடுகிறது, யார் யாரைக் கண்டால் ஒதுங்குகிறார்கள் என்று குறியுங்கள். பிறகு ஒவ்வொரு பூனையும் இன்னொன்றின் எதிரில் போகாமல் போய்ச் சேரக்கூடிய இடத்தில் ஒரு பெட்டியாவது இருக்கிறதா என்று பாருங்கள். மாடி இருந்தால் மாடியில் ஒன்று கட்டாயம். மூலையில் முட்டி நிற்கும் முடுக்கு வேண்டாம், இரண்டு பக்கமும் தப்பிக்க வழி உள்ள இடம் நல்லது. வாஷிங் மெஷின், மோட்டார் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும்போது ஒரு தடவை மோட்டார் உறுமினால் போதும், பிறகு அந்தப் பக்கமே வராது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம். யாரும் போகாத கொல்லைக் கடைசியிலும் வேண்டாம், அவசரத்துக்கு அவ்வளவு தூரம் யாராலும் ஓட முடியாது.

இப்போது எங்கள் பெட்டிகள்: படியடியில் ஒன்று, மாடி வராந்தாவில் இரண்டு மூலைக்கு இரண்டு, முன் ஹால் கதவுக்குப் பின்னால் ஒன்று, குளியலறைக்கு வெளியே ஒன்று, உம்மா அறை வாசலில் ஒன்று. வாசலில் வைக்க உம்மா முதலில் சம்மதிக்கவே இல்லை. அது தவறு செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே முதலில் பெட்டி வைப்பதுதான் முறை, பழகிய பிறகு நாளைக்கு ஒரு சாண் என்று மெல்ல நகர்த்திக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் ஒப்புக்கொள்ள வைத்தேன்.

இட நெருக்கடியில் ஆறு முடியாவிட்டால் குறைந்தது நாலு பெட்டி வையுங்கள், ஆனால் நாலும் நாலு இடத்தில் இருக்கட்டும். ஒரே இடத்தில் ஆறு வைப்பதைவிட அது மேல்.

பெட்டியும் மண்ணும்

கடையில் விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் சின்னவை. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு வேண்டும், உள்ளே போய்த் திரும்பி, தோண்டி, உட்கார்ந்து, மூட இடம் வேண்டுமே. கொத்தனார் கலவை அள்ளும் கறுப்புப் பிளாஸ்டிக் சட்டியில் பெரிய அளவு, துணி அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியை ஒரு பக்கம் தாழ்வாக வெட்டியது, இரண்டுமே அருமையாக வேலை செய்கின்றன. வெட்டின ஓரத்தைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். மூடி போட்ட பெட்டி நமக்கு அழகு, நாற்றமும் வெளியே வராது. ஆனால் நாற்றம் முழுக்க உள்ளே நிற்கிறது, வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று உள்ளிருக்கும் பூனைக்குத் தெரியாது. பல பூனை உள்ள வீட்டில் மூடியைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள்.

மண் விஷயத்தில் நம் கடற்கரைக்காரர்களுக்கு முதலில் தோன்றுவது கடல் மணல். வேண்டாம். மூத்திரம் கட்டியாகாமல் அடியில் போய்த் தேங்கும், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எப்போதும் நசநசவென்று கிடக்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி கடற்கரை மணல் அள்ளத் தடையும் இருக்கிறது. தச்சுப் பட்டறை மரத்தூள் மலிவு, நாற்றத்தையும் ஓரளவு அடக்கும். ஆனால் பிளைவுட், எம்.டி.எஃப் அறுத்த தூளாக இருக்கக் கூடாது, அதில் பசை இருக்கும். மிக நைசான தூள் மூக்கில் ஏறும் என்பதால் சலித்துப் போடுங்கள். தென்னை நார்த்தூள் கட்டியை நனைத்து உதிர்த்து வெயிலில் காயவைத்துப் போட்டால் நன்றாக உறிஞ்சும், காலில் ஒட்டி வீடெல்லாம் வரும் என்பதுதான் குறை. டோஃபு லிட்டர் (சோயாச் சக்கையில் செய்த உருண்டை) நல்லதுதான், ஆனால் நம் மழைக்கால ஈரத்தில் மூட்டையிலேயே பூஞ்சை பிடித்துவிடுகிறது.

பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிப்பது நைசான, வாசனை இல்லாத, கட்டியாகும் பெண்டோனைட் மண். லாவெண்டர், எலுமிச்சை வாசனை போட்டதெல்லாம் நம் மூக்குக்காகச் செய்தது. கட்டட வேலை நடக்கும் வீட்டு வாசலில் மணல் குவித்திருந்தால் தெருப் பூனை அத்தனையும் அங்கே வருவதைப் பார்த்திருப்பீர்கள், பூனையின் மூதாதை பாலைநிலத்துக் காட்டுப் பூனை, மென்மையான மண்ணைத் தோண்டி மூடுவது அதன் ரத்தத்தில் ஊறியது. உங்கள் பூனைக்கு எது பிடிக்கும் என்று சந்தேகமாக இருந்தால், ஒரே மாதிரி இரண்டு பெட்டியில் இரண்டு வகை மண்ணைப் போட்டுப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். இடம் பற்றிய முன் விதியை இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் மறந்துவிடலாம். ஆழம் ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் போதும். மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள், பழைய மண்ணில் புதியதைக் கால்பங்கு, அரைப்பங்கு என்று கலந்து பத்து நாளில் கொண்டு வாருங்கள்.

அள்ளுவதும் கழுவுவதும்

ஒரு பூனை ஒரு நாளில் இரண்டிலிருந்து நாலு தடவை ஒன்றுக்குப் போகும். ஐந்து பூனைக்குக் கணக்குப் பாருங்கள். அதனால் காலை ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை அள்ளியே ஆக வேண்டும். நான் பஜ்ர் முடிந்ததும் ஒன்று, இஷா முடிந்ததும் ஒன்று என்று வைத்துக்கொண்டேன், அப்போதுதான் மறக்கவில்லை. அள்ளும் கரண்டி கிடைக்காவிட்டால் வடை எடுக்கும் கண்கரண்டி ஒன்றைத் தனியாக வாங்கிக் கைப்பிடியில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். கட்டியாகும் மண்ணை இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுதாகக் கொட்டி மாற்றுங்கள். மரத்தூள், நார்த்தூள் என்றால் வாரம் ஒருமுறை, வெயில் காலத்தில் அதற்கும் முன்பே.

பெட்டியைக் கழுவப் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போதும். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காமல் திட்டுத் திட்டாகப் படியும், கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்கிறேன். பினாயில் வேண்டாம், டெட்டால் மாதிரியானவையும் வேண்டாம். அவற்றில் உள்ள பினால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறித்து வெளியேற்ற முடியாது, காலில் பட்டதை நக்கியே அதற்கு விஷமாகும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போட்டால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும், அது நமக்கும் கெடுதல். மூலைகளில் அந்துருண்டை போட்டால் பூனை வராது என்று சிலர் சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், அதுவும் விஷம்தான்.

பழைய கறை

இதை விட்டுவிட்டு மற்ற எல்லாம் செய்தாலும் பூனை அதே இடத்துக்குத் திரும்பி வரும். மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலப் படிகம் சாதாரணத் தண்ணீரிலும் சோப்பிலும் கரைந்து போகாது. காய்ந்ததும் நமக்கு வாடை தெரியாது, பூனைக்குத் தெரியும். காற்றில் ஈரம் ஏறும்போது நமக்கும் தெரியும். வாடைக்காற்று தொடங்கியதும், சித்திரையில் போன கறைகூட மறுபடி எழும்பி மணப்பது இதனால்தான்.

புதிய ஈரமாக இருந்தால் பழைய துணியால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றி எடுங்கள், குளிர்ந்த தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள். வெந்நீர் வேண்டாம், கறை பதிந்துவிடும். பிறகு என்சைம் கிளீனர் ஊற்ற வேண்டும், செல்லப்பிராணிக் கறைக்கென்றே ஆன்லைனில் கிடைக்கிறது. மேலாகத் தெளித்துத் துடைத்தால் பயனில்லை, மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் நனைய ஊற்றி, போத்தலில் சொன்ன நேரம்வரை ஊறவிட்டுத் தானாகக் காயவிட வேண்டும். அது கைக்கு வரும்வரை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஊற்றி, காய்ந்ததும் ஆப்ப சோடா தூவி, மறுநாள் பெருக்கி எடுங்கள், ஓரளவுக்குக் கேட்கும். எங்கெங்கே கறை என்று தெரியாவிட்டால் சின்னப் புறஊதா டார்ச் ஒன்று வாங்கி இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தரையோரமாக அடித்துப் பாருங்கள், மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும். எங்கள் வீட்டில் முசல்லா ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அன்று இரவு உம்மா அறையில் மட்டும் ஏழு இடம் தெரிந்தது, அதில் இரண்டு அலமாரிக்கு அடியில். முசல்லாவை என்சைம் கிளீனரில் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் மூன்று முறை அலசி, மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டுத்தான் உம்மா கையில் கொடுத்தேன்.

பூனைகளுக்குள் உள்ள தகராறு

சண்டை என்றால் கத்திக்கொண்டு உருளுவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். உற்றுப் பார்ப்பது, வழியில் படுத்துக்கொள்வது, இன்னொன்று பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் பாய்வது, இவைதான் உண்மையான தகராறு. இதைக் குறைக்க எல்லாவற்றையும் பிரித்துப் பரப்புங்கள்: சாப்பாடு ஒரே தட்டில் வேண்டாம், தண்ணீர் இரண்டு, மூன்று இடத்தில் இருக்கட்டும், உயரத்தில் உட்கார அலமாரி மேலும் ஜன்னல் திண்டிலும் இடம் ஒதுக்குங்கள். மேலே போய் உட்கார இடம் கிடைத்தபிறகு சுல்தான் படியை விட்டுவிட்டது, இப்போது பெரும்பாலும் பீரோ மேல்தான் அதன் வாசம்.

புதுப் பூனை கொண்டுவந்தால் நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். தனி அறையில் தனிப் பெட்டியோடு ஒரு வாரமாவது வைத்து, அது படுத்த துணியை மற்றவை படுக்கும் இடத்திலும் அவற்றின் துணியை இதன் அறையிலும் போட்டு வாடையைப் பழக்கி, பிறகு கதவின் இரு பக்கமும் சாப்பாடு வைத்து, அதற்குப் பிறகுதான் முகம் பார்க்க விட வேண்டும்.

வழி தவறிய பூனையை மீண்டும் பழக்குவது

எல்லாம் செய்தும் ஒரு பூனை மட்டும் பெட்டிக்கு வெளியே போகிறதென்றால், அதைத் தனி அறையில் வையுங்கள். மெத்தை, துணி, மிதியடி எதுவும் தரையில் இருக்கக் கூடாது. ஒரு மூலையில் அதற்குப் பிடித்த மண்ணோடு பெட்டி, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும் படுக்கையும். தினம் இரண்டு, மூன்று தடவை போய்க் கூட உட்காருங்கள், அது சிறை மாதிரி ஆகிவிடக் கூடாது. பெட்டியில் போனதும் ஒரு துண்டு மீன் கொடுங்கள். ஒரு வாரம் ஒரு தவறும் இல்லையென்றால் அடுத்த அறையைத் திறந்துவிடுங்கள், பிறகு அதற்கடுத்தது. சீனி பத்து நாள் மாடி அறையில் இருந்தது. இறங்கி வந்த முதல் வாரம் ஒரு தடவை தவறியது. அதற்கப்புறம் இல்லை. இதையும் மீறித் தொடர்ந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், பதற்றம் குறைக்கும் மருந்துகள் பூனைக்கும் இருக்கின்றன, அவர் சொல்லாமல் நாமாகத் தொடங்கவோ திடீரென்று நிறுத்தவோ கூடாது.

சாப்பாடும் தண்ணீரும்

பூனை இயல்பாகவே குறைவாகத் தண்ணீர் குடிக்கும். உப்புத் தண்ணீர் வைத்தால் இன்னும் குறையும், சிறுநீர் கெட்டிப்படும், சிறுநீர்ப்பைத் தொல்லை தொடங்கும். நாம் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் வையுங்கள், குடத்து விலை தெரிந்துதான் சொல்கிறேன். கருவாடு வேண்டாம், தலைப்பகுதிகூட வேண்டாம், அத்தனையும் உப்பு. பச்சை நெத்திலி, சாளையைத் தொடர்ந்து கொடுத்தால் அதில் உள்ள ஒரு பொருள் பி1 வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால் அந்தக் கெடுதல் இல்லை. உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் காரலோ சூடையோ வேகவைத்து முள் நீக்கி, வெந்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றிக் கொடுங்கள். தண்ணீர் உள்ளே போக அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் மூன்று வேளையும் மீன் மட்டுமே என்று ஆக்கிவிடாதீர்கள்.

குட்டி, கிழம், கர்ப்பிணி

குட்டிகள் மூன்று, நாலு வாரத்தில் பழகத் தொடங்கும். ஓரம் தாழ்வான தட்டு வையுங்கள், அவை மண்ணைத் தின்று பார்க்கும் என்பதால் கட்டியாகும் மண் வேண்டாம், மரத்தூள் உருண்டையோ கிழித்த காகிதமோ போதும். மிளகுக்குப் பன்னிரண்டு வயது, மூட்டு பிடித்துக்கொண்டது, உயர ஓரத்தைத் தாண்ட முடியாமல் பெட்டிக்கு வெளியிலேயே போனது. ஒரு பக்கத்தைத் தரையோடு வெட்டினதும் சரியாகிவிட்டது.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பெட்டி வேலையை வேறு யாராவது செய்யட்டும். ராத்தா (அக்கா) பிரசவத்துக்கு வந்தபோது "பூனையையே அனுப்பிவிடு" என்று பலர் சொன்னார்கள். தேவையில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலத்தில் வரக்கூடும், ஆனால் வெளியே வந்து ஒன்றிலிருந்து ஐந்து நாளுக்குப் பிறகுதான் அது தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அள்ளுபவர் கையுறை போட்டு, பிறகு சோப்பால் கழுவ வேண்டும். ராத்தா எட்டு மாதம் பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

அள்ளியதைப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். கக்கூஸில் போட்டால் பெண்டோனைட் ஊறி அடைத்துக்கொள்ளும். வாய்க்காலிலோ கடலிலோ கொட்டவே கூடாது. இதே ஒட்டுண்ணி மழைநீரோடு கடலுக்குப் போய் கலிபோர்னியாவில் கடல் நீர்நாய்களைக் கொன்றிருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவில் கடல் பசு இருக்கிறது.

மழைக்காலம்

நம் பக்கத்தில் இந்தப் பிரச்சினை ஏன் ஐப்பசி, கார்த்திகையில் வெடிக்கிறது என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. பூனைகள் வருஷத்தில் எட்டு மாதம் கொல்லை மணலிலேயே போய்விடுகின்றன, பெட்டி சும்மா கிடக்கிறது, நாமும் ஒன்று, இரண்டோடு நிறுத்திவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் கொல்லை சேறாகிவிடும், ஐந்தும் ஒரே நேரத்தில் அந்த இரண்டு பெட்டிக்கு வரும். கொல்லையைச் சிமெண்டோ பேவர் பிளாக்கோ போட்டு மூடிவிட்ட வீடுகளில் வருஷம் முழுக்கவே இதுதான் கதி.

அதனால் இப்போது புரட்டாசி பாதியிலேயே ஆறு பெட்டியையும் மண் போட்டு வைத்துவிடுகிறேன், மழைக்கு முன்னால் இரண்டு வாரமாவது அவை போய்ப் பழக வேண்டும். கொல்லைக் கூரையின் கீழ், சாரல் அடிக்காத பக்கமாக, பெரிய சட்டியில் மணலும் பெண்டோனைட்டும் கலந்து ஒன்று வைக்கிறேன். வெளியே போயே பழகியவை முதலில் அங்கேதான் போகும். மண் மூட்டையைப் பிரித்ததும் மூடி இறுகும் டிரம்மில் கொட்டிவிடுங்கள், கடல் காற்றின் ஈரமே போதும், மூட்டையில் இருந்தபடியே கட்டி பிடித்துவிடும். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடக்கு ஜன்னலுக்கு நேரே பெட்டி வேண்டாம், காற்று அத்தனை நாற்றத்தையும் வீட்டுக்குள் தள்ளும்.

இந்த வருஷம் முதல் மழை இரவு ஒரு மணிக்கு வந்தது. சத்தம் கேட்டு எழுந்து டார்ச் அடித்தேன். மைனா கொல்லைக் கதவுவரை போய் மழையைப் பார்த்துவிட்டு, திரும்பிப் படியடிப் பெட்டியில் ஏறியது. சீனி மாடியிலிருந்தது. தோண்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.